கடலோர வீட்டில் சின்ன ஸ்டீரியோ செட்: அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

நடுவில் ஒரு செட், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், ஒரு ரிமோட், ஒரு எஃப்எம் வயர். மினி செட், மைக்ரோ செட் என்று எந்தப் பெயரில் விற்றாலும் பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான். கூட வருகிற கையேட்டில் மாட்டும் முறை இருக்கும், ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலைப் பார்த்த வீடுகளில் வருகிற தொல்லைகள் இருக்காது. நம் பக்கம் செட் சீக்கிரம் கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: உப்புக் காற்று, ஒழுங்காக மாட்டாத வயர். இரண்டுமே நம் கையில் இருக்கிற விஷயம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். எத்தனை வாட் செட் வாங்க வேண்டும்?

அந்த அளவு அறைக்குப் பக்கத்துக்கு 10 முதல் 20 வாட் ஆர்எம்எஸ் தாராளம். பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 வாட், 2000 வாட் பிஎம்பிஓ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கண் இமைக்கும் நேரத்துக்கு வரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற எண். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்எம்எஸ்தான். செட்டைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அதில் இருக்கும். 40 வாட் இழுக்கிற செட் 1000 வாட் பாட்டாக எப்படிக் கொடுக்கும்? வாட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் தனியாகக் கழற்றி நகர்த்தக்கூடியதா, வயரை மாற்ற முடியுமா, ஸ்பீக்கருக்குள் அதிர்கிற கூம்பின் ஓரம் ரப்பரா ஃபோமா என்பது. கடலோரத்தில் ஃபோம் சில வருஷத்தில் உதிர்ந்துவிடும், ரப்பர் நிற்கும். கூம்பு பேப்பராக இல்லாமல் பாலிபுரொப்பிலீனாக இருந்தால் ஈரத்துக்கு இன்னும் நல்லது.

மச்சான் துபாயிலிருந்து ஒரு செட் கொண்டு வந்தார். பிளக் நம்ம சாக்கெட்டில் போகவில்லை. அடாப்டர் போட்டால் போதுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. துபாய், கத்தார், குவைத், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் நம்மைப் போல 220 முதல் 240 வோல்ட்தான், அதனால் செட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாறுவது பிளக் மட்டும். அங்கே சதுரப் பின் மூன்று, உள்ளே ஒரு சின்ன ஃப்யூஸ். சந்தையில் கிடைக்கிற மலிவு அடாப்டர் நாளாக நாளாக லூஸாகிப் பொறி பறக்கும், அதுவும் உப்புக் காற்றில் இன்னும் வேகமாக. கார்டு பின்பக்கம் கழற்றக்கூடியதாக, எட்டு வடிவ முனையோடு இருந்தால் நம்மூர்க் கார்டு ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நல்ல 6 ஆம்பியர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்த வெளிநாட்டுச் செட்டையும் லேபிளைப் படிக்காமல் சொருகக் கூடாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது. அந்தச் செட்டுகளை 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சிலவற்றில் பின்பக்கம் 110-220 என்று ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் 220-க்குத் தள்ளிவிட்டுத்தான் சொருக வேண்டும். லேபிளில் 100-240 என்று போட்டிருந்தால் கவலையே இல்லை, எந்த ஊர் கரண்டிலும் ஓடும், சாயங்கால லோ வோல்டேஜிலும் ஓடும்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். எதை முதலில் மாட்டுவது?

கரண்ட் பிளக்கைக் கடைசியில். முதலில் ஸ்பீக்கர், அடுத்து எஃப்எம் வயர், அப்புறம் டிவியோ போனோ இணைக்கிற வயர், எல்லாம் முடிந்தபின் பிளக்.

ஸ்பீக்கர் வயரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் உறையை உரியுங்கள், செம்பு இழைகளை விரலால் ஒரே பக்கமாக முறுக்கி ஒரு இழைகூடப் பிரிந்து நிற்காமல் செய்யுங்கள், செட்டின் பின்னால் வயர் மாட்டுகிற டெர்மினலின் நாக்கை அமுக்கி உள்ளே விட்டு நாக்கை விடுங்கள். லேசாக இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. உறை நாக்குக்குள் மாட்டியிருந்தாலும் பாட்டு வராது. செம்பு வெளியே நீண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆபத்து. சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் போக வேண்டும், இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போனால் செட் கெடாது, பாட்டு கெடும். ஒரு கூம்பு முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும், அதனால் பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும், பாடுகிறவரின் குரல் நடுவிலிருந்து வராமல் அறை முழுக்கச் சிதறிக் கிடக்கும். புதுச் செட்டில் பேஸே இல்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். வயரில் நிறமே தெரியவில்லை என்றால், செட்டிலிருந்து கழற்றிய வயர் முனைகளில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்குப் போவதாக இருந்தால் பெரிய கூம்பு வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

கூட வந்த வயர் பத்தவில்லை. நீட்டிக்கலாமா?

நடுவில் ஒட்டுப் போடாமல் முழு வயராகப் புதிதாக வாங்குங்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளத்தில். கடையில் 40/76 வயர் என்று கேட்டால் கொடுப்பார்கள், 1 சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், வீட்டுக்கு இது போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர பத்து மீட்டர் செம்பு, அதன் தடை 0.2 ஓமுக்குள் அடங்கும். 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஸ்பீக்கரையே மாற்றுவதாக இருந்தால் செட்டின் பின்னால் போட்டிருக்கிற ஓமுக்குக் குறையாமல் பாருங்கள். 6 ஓம் என்று இருந்தால் 8 ஓம் மாட்டலாம், 4 ஓம் மாட்டக் கூடாது.

ஸ்பீக்கரை எங்கே வைத்தால் நன்றாகக் கேட்கும்?

ஷோகேஸ் மாடத்துக்குள் மட்டும் வேண்டாம். புது வீடு கட்டுகிற எல்லோரும் சுவரில் அதற்கென்று ஒரு குழி விடுகிறார்கள், பார்க்க அழகு, ஆனால் அந்தக் குழியே ஒரு டப்பாவாக அதிர்ந்து குரலை மூக்கடைத்த மாதிரி ஆக்கிவிடும். பீரோ மேல் வைத்தால் தகரம் கூட அதிரும். மூலையில் வைத்தால் பேஸ் ஏறும், தெளிவு போகும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அதே தூரத்தில் நீங்கள் உட்கார வேண்டும். ஆறடி இடைவெளி என்றால் ஆறடி தள்ளி. பின்சுவரிலிருந்து அரை அடியாவது முன்னால் இருக்கட்டும். சின்னக் கூம்பு, அதாவது ட்வீட்டர், காது உயரத்துக்கு வர வேண்டும். இங்கேதான் கையேடும் நம் வீடும் வேறுபடுகின்றன. கையேடு நாற்காலிக் கணக்கில் பேசும். பாயில் உட்கார்ந்து கேட்கிற வீட்டில் காது இன்னும் தாழ்வாக இருக்கும். அதற்கு ஒரு முக்காலியோ பனஞ்சட்டத்தில் அடித்த குட்டை பெஞ்சோ போதும், ஸ்பீக்கரைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் நாற்காலிக்காரருக்கும் கேட்கும். தரையில் நேராக வைக்க வேண்டாம், வீடு கழுவுகிற தண்ணீரில் மரத்தூள் பலகைப் பெட்டி உப்பிப் போகும்.

அடுத்தது எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், காங்கிரீட் கூரை. நடு ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள், டிங் என்று ஒரு வால் நீண்டால் எவ்வளவு விலை உயர்ந்த செட்டும் அந்த அறையில் கரகரக்கத்தான் செய்யும். எதிர்ச் சுவரில் கனமான திரை, தரையில் பெரிய பாய், ஒரு மெத்தை, துணி உறை போட்ட சோபா, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே வித்தியாசம் உடனே தெரியும். பாடல் வரிகள் புரிகிற மாதிரி ஆகிவிடும். சவுண்டு சரியில்லை என்று புதுச் செட் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாயும் திரையும்தான்.

உப்புக் காற்றிலிருந்து செட்டை எப்படிக் காப்பாற்றுவது?

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அலை உடையும் இடத்திலிருந்து நுண்ணிய துளிகள் காற்றில் ஏறி வீட்டுக்குள் வந்து படிகின்றன. தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் மிஞ்சும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். நம் கரையில் இரவில் அந்த ஈரம் சகஜம். ஆக, அணைத்து வைத்த செட்டுக்குள் இருக்கிற சர்க்யூட் பலகை மேல் இரவு முழுக்க மெல்லிய உப்புத் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பு பச்சை பிடிக்கும், இரும்பு வலை துருப்பிடிக்கும், வால்யூம் திருகும்போது கரகர என்று வரும், ஹெட்போன் ஓட்டையில் ஒரு பக்கம் செத்துப் போகும்.

எந்த ஜன்னலை மூட வேண்டும் என்பது நீங்கள் எந்தக் கடலைப் பார்த்து இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் மாதிரி தென்கடல் பக்கத்தில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தெற்கு, மேற்கு ஜன்னல் வழியாக உப்போடு நுண்மணலும் வரும். தொண்டி, தேவிபட்டினம் மாதிரி வடகடல் பக்கத்தில் வாடைக் காற்றுக் காலம்தான் மோசம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் உண்டு. செட் வைத்திருக்கிற சுவர், காற்று நேராக வந்து மோதுகிற சுவராக இல்லாமல் இருந்தால் பெரிய தொல்லை தீர்ந்தது.

செட்டைத் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். உள்ளே வருகிற லேசான சூடே ஈரத்தை விரட்டும். சும்மா மூடி வைத்த செட்தான் முதலில் கெடும். தூசிக்கு மூடுவதென்றால் பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்க்கும். ஓடும்போது எதையும் மூடக் கூடாது. துடைக்கும்போது காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புமணி கீறிவிடும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை ஸ்பீக்கர் வயரின் நான்கு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். பளபளவென்று சிவந்திருந்த செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டுங்கள். மாட்டியபின் வெளியே தெரிகிற செம்பின் மேல் வாசலின் மெல்லிசாகத் தடவலாம், படகு பேட்டரி டெர்மினலில் கிரீஸ் தடவுகிற மாதிரிதான். வால்யூம் கரகரத்தால் எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கிற கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, செட்டை அணைத்துவிட்டு அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பல தடவை திருகி, நன்றாகக் காய விட்டுப் போடுங்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

வெளிநாடு போகிறீர்கள், வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் என்றால் செட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பையில் கட்டி, பீரோவுக்குள் வையுங்கள். ரிமோட்டில் உள்ள பேட்டரியை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

எஃப்எம் போட்டால் நம்மூர் நிலையத்தின் மேல் இலங்கை நிலையம் ஏறி உட்கார்கிறது. ஏன்?

செட்டில் கோளாறு இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான், வழியில் மலையோ கட்டடமோ கிடையாது. அதற்கு மேல், கடல் அமைதியாக இருக்கிற நாட்களில் நீர்ப்பரப்பை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று ஒரு படலமாகவும் அதற்கு மேல் காய்ந்த சூடான காற்று ஒரு படலமாகவும் நிற்கும். எஃப்எம் அலை மேலே போகாமல் கீழ்ப் படலத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து வெகு தூரம் ஓடும். சாதாரணமாகக் கேட்காத தூரத்து நிலையமெல்லாம் பக்கத்து வீட்டில் இருப்பது மாதிரி கேட்பது அதனால்தான். காற்று மாறியதும் சரியாகிவிடும்.

கூட வந்த எஃப்எம் வயரைச் சுருட்டி வைக்காமல் முழுசாக நீட்டுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர், வயர் கிட்டத்தட்ட அந்த நீளம் இருப்பது அதற்காகத்தான். சுவரில் டேப் போட்டு ஒட்டுவதற்கு முன் செட்டை ஓடவிட்டு வயரைக் குறுக்கே, நெடுக, சாய்வாகப் பிடித்துப் பார்த்து, வேண்டிய நிலையம் தெளிவாக வருகிற இடத்தில் ஒட்டுங்கள். கோடை எஃப்எம் 100.5 கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வருவதால் நம் பக்கம் பல இடங்களில் கிடைக்கும், ஆனால் பலவீனமாக இருந்தால் ஸ்ஸ் என்று இரைச்சல் இருக்கும். ரிமோட்டில் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்) பட்டன் இருந்தால் அழுத்துங்கள், ஸ்டீரியோவுக்கு வலுவான சிக்னல் வேண்டும், மோனோவில் இரைச்சல் பெரிதும் அடங்கிவிடும். பாம்பன் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் 90.4-ல் கடல் ஓசையைத் தேடிப் பாருங்கள், 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கிய சமுதாய வானொலி. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கிற சக்தி குறைவு, அதனால் தூரம் போனால் கிடைக்காது.

மீடியம் வேவ் கேட்கிறவர்கள் கவனிக்க: நம் நாட்டில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்கச் செட் 10 கிலோஹெர்ட்ஸாகத் தாவும். திருச்சி 936-ஐத் தேடினால் 930-க்கும் 940-க்கும் நடுவில் தொலைந்துவிடும். மெனுவிலோ பின்பக்கமோ 9/10 என்று இருப்பதை 9-க்கு மாற்றுங்கள்.

ப்ளூடூத் அடிக்கடி அறுந்து போகிறது.

வீட்டில் வேறு யாருடைய போனாவது ஏற்கெனவே இணைந்திருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். இல்லையென்றால் போனுக்கும் செட்டுக்கும் நடுவில் சுவர். பத்து மீட்டர் என்பது திறந்த வெளிக் கணக்கு. போன் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துக்கொண்டு, கூட்டிக் குறைப்பதைச் செட்டில் செய்யுங்கள். போனில் குறைத்துச் செட்டில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். படம் பார்க்க ப்ளூடூத் சரிப்படாது, உதடு அசைந்தபின் வசனம் வரும். டிவியிலிருந்து வயரில் எடுங்கள்.

பென் டிரைவைப் படிக்க மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான சின்னச் செட்டுகள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததை மட்டும்தான் படிக்கும். கம்ப்யூட்டரில் பாட்டையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு அப்படி ஃபார்மேட் செய்யுங்கள். பாட்டு எம்பி3-ஆக இருக்கட்டும். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் பாட்டு ஓடும், டிஸ்ப்ளேயில் கட்டம் கட்டமாகத் தெரியும். முன்னால் 01, 02 என்று எண் போட்டு வைத்தால் தேட வசதி.

பாடிக்கொண்டே இருந்த செட் தானாக அணைகிறது. இன்னொரு செட்டில் விளக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலாவது மின்சாரம் மிச்சப்படுத்துகிற ஏற்பாடு. சத்தம் மெலிதாக இருந்தால் பாட்டே இல்லை என்று நினைத்து 15, 20 நிமிஷத்தில் அணைத்துவிடும். மெனுவில் ஆட்டோ ஸ்டாண்ட்பை என்பதை ஆஃப் செய்யுங்கள். இரண்டாவது கடையில் காட்டுவதற்கான டெமோ. டெமோ அல்லது டிஸ்ப்ளே பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

டிஸ்ப்ளேயில் புரொடெக்ட் என்று வருகிறது. செட் போய்விட்டதா?

பதற வேண்டாம். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டு ஸ்பீக்கர் வயரையும் செட்டிலிருந்து முழுசாகக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வயர் இல்லாமலே ஆன் செய்து பாருங்கள். இப்போது அந்த எழுத்து வரவில்லை என்றால் வயரில்தான் ஷார்ட், ஏதோ ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். வயர் இல்லாமலும் வந்தால் உள்ளே கோளாறு, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். உள்ளே பல்லியோ எறும்புக் கூடோ இருப்பதும் உண்டு, சூடு இருக்கிற இடம் தேடி வரும். காற்றுத் துளையின் மேல் வலைத்துணி ஒட்டி அடைக்காதீர்கள், செட்டைச் சுற்றி இடம் விட்டு, தின்பண்டம் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் போதும்.

டிவியோடு இணைத்தால் ம்ம்ம் என்று ஒரு உறுமல்.

டிஷ்ஷிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருகிற வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் இரண்டு வழியாக வருகிறது என்று அர்த்தம். டிவி, பாக்ஸ், செட் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டாலே பல வீடுகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆடியோ வயருக்கு நடுவில் போடுகிற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் கிடைக்கும். டிவியில் ஆப்டிகல் ஓட்டை இருந்து செட்டிலும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அது வெளிச்சத்தில் போகிறது. உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கரண்ட் போய் செட் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் அது சதுர அலை இன்வெர்ட்டர், சைன் வேவ் இன்வெர்ட்டரில் வராது.

வால்யூம் எவ்வளவு வரை வைக்கலாம்?

முக்கால் பங்குக்கு மேல் போனால் பெரும்பாலான சின்னச் செட்டுகளில் பாட்டு உடைய ஆரம்பிக்கும். உடைந்த சத்தத்தில்தான் ட்வீட்டர் எரிகிறது, அதனால் காதுக்குக் கரகரப்பு தெரிந்த உடனே குறையுங்கள். பேஸ் பூஸ்ட்டை முழுசாக ஏற்றிவிட்டு வால்யூமையும் ஏற்றுவது இன்னும் சீக்கிரம் கெடுக்கும். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று இருக்கிறது. விடியற்காலை கடலுக்குப் போகிறவர்கள் முன்னிரவிலேயே தூங்குகிற தெருக்களில் பத்து மணிவரைகூடக் காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே குறைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல். சுவிட்சை அணைத்தால் போதாதா?

போதாது. சுவிட்சுக்குள் இருக்கிற இடைவெளி ஒரு மின்னலுக்கு ஒன்றுமே இல்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டும், டிவியிலிருந்து வருகிற வயரையும் கழற்ற வேண்டும், மொட்டை மாடியில் எஃப்எம் ஏரியல் வைத்திருந்தால் அதையும் செட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் மேகம் கறுக்கும்போதே செய்யுங்கள், இடி கேட்க ஆரம்பித்தபின் வயரில் கை வைக்கக் கூடாது. மழை விட்டு வீடு ஈரமாக இருந்தால், ஜன்னலோரம் வைத்த செட்டை உடனே சொருகாமல் ஃபேன் காற்றில் சில மணி நேரம் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.